பூட்டு எண் எழுதிய அட்டை

முதலமடையிலிருந்து கொல்லங்கோடு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மாந்தோப்புக்காரர்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தனர். பெரியவர் சொன்னார்:

“மோட்டார் ரூம் பூட்டு நம்பர ஊருக்கே நாந்தான் எழுதிக் குடுத்தேன், மாப்ள.”

“ஏனுங்க மாமா அப்படி?”

“மோட்டார் போடற முறைய அட்டைல எழுதி வெச்சிருந்தேன். மொத வரி நம்பர் பூட்டத் தொறக்கற நம்பரு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலு பேரு கேட்டாங்க. அப்படியே பாத்து எழுதிக் குடுத்துட்டேன்.”

“செரியாப் போச்சு.”

“நேத்து எவனோ பூட்டத் தொறந்து பீஸ் கட்டையக் கழட்டீட்டுப் போயிட்டான். மாங்கன்னு காயுது.”

“அப்பத் தண்ணிக்கு என்னங்க பண்ணுனீங்க?”

“காலைல அந்த நாலு பேர்ல ஒருத்தரு மோட்டார் ரூமத் தொறந்து, ஒரு கட்டைய எடுத்துட்டு வந்தேன்.”

“பூட்டியிருக்குமேங்க?”

“அட்டைல இருக்கற நம்பரத்தான் அவிங்களும் பூட்டுக்கு வெச்சிருக்காங்க.”