மூன்றாவது தையல்

— என் பெரிய கத்தரிக்கோலைப் பார்த்தீங்களா?

— கத்தரி கிடக்கட்டும். அந்த நீலக்கோடு போட்ட சட்டையை இப்படிக் கொடு.

— எதுக்கு?

— தேய்க்க.

— நேத்தே தேய்ச்சு மடிச்சு வெச்சுட்டேனே.

— இதுக்குப் பேரு தேய்ச்சதா? காலரைப் பாரு, மாடு மென்னு துப்பின மாதிரி. முப்பது வருஷம் ஊர்த் துணியெல்லாம் தேய்ச்சவன், இதை மாட்டிக்கிட்டு டாக்டர் முன்னாடி போய் நிக்கணுமா?

— டாக்டர் காலரையா பார்க்கப் போறாரு? கழட்டச் சொல்லி முதுகுத் தழும்பைத்தான் பார்ப்பாரு.

— கழட்டி ஆணியில மாட்டுவேன்ல? நர்சம்மா பார்ப்பாங்கல்ல?

— ஓ... நர்சம்மாவுக்காகவா இந்த விறைப்பு? அதானே பார்த்தேன். இடது நுரையீரல்ல பாதியை வெட்டி எடுத்தும் மீதிப் பாதி சும்மா இருக்க மாட்டேங்குதே!

— ஏய்... சிரிக்க... சிரிக்க வைக்காதேடி... ஐயோ... தலகாணி... தலகாணியைக் கொடு...

— இந்தாங்க, இந்தாங்க. நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. மெதுவா... இருமிடுங்க. விலாவுல பிடிக்குதா? என் வாயைத்தான் முதல்ல தைக்கணும்.

— தை. உனக்குத்தான் கைவந்த வேலையாச்சே.

— பேசாதீங்க. மூச்சு விடுங்க.

— ...

— இப்ப?

— இப்ப சட்டையைக் கொடு.

— பிடிச்ச பிடியை விட மாட்டீங்களா? ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு...

— அது கரிப்பெட்டிக்கு. இந்தக் கரண்டுப் பெட்டி ஒரு கிலோகூட இல்ல. ஆறு வாரமாச்சு. கடையில உன் மெஷின் மட்டும் கடகடன்னு ஓடுது. என் மேஜை மேல பட்டன் டப்பாவை அடுக்கி வெச்சிருக்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?

— வாயைக் கழுவுங்க! கிளம்பற நேரத்துல...

— சரி, சொல்லலை. கொடு.

— இந்தாங்க. காலர் மட்டும். உடம்புப் பக்கம் போகக் கூடாது, சொல்லிட்டேன்... ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கறீங்க?

— மரத்துப் போச்சு.

— அப்ப உட்கார்ந்துக்கிட்டுத் தேய்ங்க.

— உட்கார்ந்து தேய்க்கிறவன் இஸ்திரிக்காரனா? நீ உட்காரு முதல்ல. குறுக்கும் நெடுக்கும் நடந்து எனக்குத் தலை சுத்துது.

— எப்படி உட்கார்றது? பதினோரு மணிக்கு எடை பார்க்கணும். அம்பத்திரண்டு கிலோ இருந்தாத்தான் அடுத்த மருந்து ஏத்துவாங்களாம். இல்லைன்னா தள்ளிப் போடுவாங்க. தள்ளிப் போட்டா... அந்தக் கத்தரியை வேற காணோம்.

— ஆஸ்பத்திரிக்குப் போக உனக்குக் கத்தரி எதுக்கு?

— கை சும்மா இருந்தா பயமா இருக்கு. ஏதாவது வெட்டிக்கிட்டு இருந்தா... ஏங்க! ஏங்க! உள்பக்கம் திருப்பாதீங்க!

— திருப்பாம தையலை எப்படி அமுக்கறது?

— எல்லாம் அமுங்கித்தான் இருக்கு. கொடுங்க இங்க.

— இரு. இதென்ன, பக்கவாட்டுல... ஒண்ணு.

— பழைய சட்டை. பிரிஞ்சிருந்துச்சு, தைச்சேன்.

— ரெண்டு.

— ஏங்க...

— மூணு. அரையரை இஞ்சா உள்ளே போயிருக்கு. சொல்லு.

— ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு இதைப் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, 'இது யார் சட்டை?'ன்னு கேட்டீங்க. அன்னைக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடலை. மறுநாள் அரை இஞ்சு பிடிச்சேன். போட்டுப் பார்த்துட்டு, 'பரவாயில்லையே'ன்னு முட்டையை முழுசாத் தின்னீங்க. அப்புறம் நீங்க இளைக்க இளைக்க நான் பிடிச்சுக்கிட்டே போனேன். எல்லாச் சட்டையையும். திட்டறதுன்னா திட்டிடுங்க.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— முதல் தையலே தெரியும். துணியைத் தடவிப் பிழைச்சவன்டி நான்.

— தெரிஞ்சுமா கண்ணாடியைப் பார்த்து அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?

— நீ கதவோரம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தியே... வேற என்ன செய்ய? முட்டை தொண்டையைத் தாண்டலை. நீ பிடிச்ச தையலை உன் கையாலயே பிரிக்க வைக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்கினேன்.

— ... அந்தத் துண்டை எடுங்க. கண்ணுல என்னமோ... சரி, போகட்டும். சாப்பிட்டது வீண் போகலை. மூணு வாரமா அளக்க அளக்க நெஞ்சு ஏறிக்கிட்டுத்தானே இருக்கு? போன வெள்ளிக்கிழமை முப்பத்தாறு!

— ம்.

— என்ன 'ம்'?

— பெட்டி ரொம்ப சூடாயிருச்சு.

— என் முகத்தைப் பாருங்க. அந்த டீ-சர்ட்டைத் தூக்குங்க. தூக்குங்கன்னா... அட பாவி மனுஷா! பனியனுக்குள்ள பனியனா?

— குளிருது...

— இந்தப் புழுக்கத்துலயா? எத்தனை நாளா?

— மூணாவது தையலைப் பார்த்த அன்னையிலிருந்து. இதுக்கு மேல நீ பிடிக்கக் கூடாதுன்னுதான்.

— அதுக்குத்தான் மூணு வாரமா கதவைச் சாத்திக்கிட்டு நீங்களே உடுத்தினீங்களா? கை நல்லாத் தூக்க வந்திருச்சுன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டேனே! நர்சம்மாவுக்கு போன் போட்டு, 'ஆள் தேறிட்டாரு'ன்னு வேற சொல்லித் தொலைச்சேன்!

— கத்தாதே. எனக்கு ஒண்ணு இடிக்குது.

— என்ன?

— ஒரு பனியன் கூடப் போட்டதுக்கு முப்பத்தாறு எப்படி வரும்? மெத்தையையா சுத்தியிருந்தேன்? டேப்பைக் கொண்டா.

— அது மெஷின்கிட்ட எங்கேயோ...

— உன் கழுத்துல தொங்குது. கொடு இப்படி... ஏய். இது ரெண்டுலதானே ஆரம்பிக்குது! ஒண்ணாம் நம்பர் எங்கே?

— நறுக்கிட்டேன்.

— நறுக்கிட்டியா!

— ஒரே ஒரு இஞ்சு. அளக்கும்போதெல்லாம் 'எவ்வளவு, எவ்வளவு'ன்னு என் முகத்தையே பார்ப்பீங்க. எனக்குப் பொய் சொன்னா முகம் காட்டிக் கொடுத்துடும். டேப்புல இருக்கறதைப் படிச்சா வாய் கூசாதேன்னு...

— கடைக்கு வர்றவங்களுக்கும் இதுலதான் அளந்தியா?

— சீ! அவங்களுக்கு வேற டேப்பு.

— ஐயோ... தலகாணி...

— சிரிக்காதீங்க! சிரிக்கிற விஷயமா இது?

— இல்லதான்... ஆஸ்பத்திரியில கொடுத்த மூச்சுப் பயிற்சிக் குழாயில நேத்து இழுத்தப்ப மூணாவது பந்தும் மேல ஏறுச்சே... அதுலயும் ஏதாவது பண்ணி வெச்சிருக்கியா?

— சத்தியமா இல்ல. அது நீங்க இழுத்தது. அதுல நான் கை வைக்கலை.

— அக்கா! மாமா! ஆட்டோவை எவ்வளவு நேரம்தான் நடுத்தெருவுல நிறுத்தி வெக்கறது?

— இதோ வர்றோம்டா தம்பி! அஞ்சே நிமிஷம்!

— அவனைப் போகச் சொல்லிடு. போன் போட்டு அடுத்த வாரம் வர்றோம்னு சொல்லிடலாம்.

— ஏங்க?

— நீ பிடிச்சதும் பொய், நான் போட்டதும் பொய், டேப்பும் பொய். தராசுல ஏறினா மிச்சம் எவ்வளவு இருக்கேன்னு தெரிஞ்சு போயிடுமே...

— அந்தப் பனியன் எல்லாத்தையும் கழட்டுங்க.

— வேண்டாம்டி.

— கழட்டுங்க. வெறும் உடம்புல அந்தச் சட்டையைப் போடுங்க. இடது கை முதல்ல. மெதுவா... மெதுவா. உங்க வெறும் உடம்பை அளந்துதான் கடைசியா பிடிச்சேன். ரெண்டு விரல் தாராளமா நுழையணும். பட்டனைப் போடுங்க.

— சூடா இருக்கு.

— இருக்கட்டும். எல்லாப் பட்டனும்.

— வயித்துக்கிட்ட இது ஒண்ணு... எட்ட மாட்டேங்குது.

— மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க!

— எங்கே பிடிச்சேன்? விட்டுட்டுத்தான் நிக்கறேன். இத்தனை நாளா பனியன்தான் இறுக்குதுன்னு நினைச்சேன்...

— திரும்புங்க. ... முதுகுல குறுக்கே சுருக்கம் விழுதே. ஒரு விரல்கூட நுழையலை. ஏங்க... இழுக்குதுங்க! சட்டை இழுக்குது!

— நிஜமாவா? என்னை ஏமாத்தலையே?

— நான் போட்ட தையல். எனக்குத் தெரியாதா?

— அப்ப அம்பத்திரண்டு வந்துடுமா?

— தெரியாது.

— ஆறு வாரத்துல இப்பதான் ஒழுங்கா ஒரு பதில் சொல்ற.

— தெரியாதுங்க. மூணையும் பிரிக்கிற அளவுக்கு இல்ல. ரெண்டுகூட இல்ல. ஆனா இந்த மூணாவதை இன்னைக்குப் பிரிச்சே ஆகணும். வயித்தைப் பிதுக்கிக்கிட்டு உங்களை நர்சம்மா முன்னாடி அனுப்ப மாட்டேன். அசையாம நில்லுங்க, போட்டபடியே பிரிச்சுடறேன். ஐயோ... அந்தக் கத்தரி! விடிஞ்சதுல இருந்து தேடறேன். எங்கேதான் போய்த் தொலைஞ்சுதோ? என்ன நெளியறீங்க? தழும்பு வலிக்குதா?

— இல்ல... வலது தொடையில, நாடா வெச்சுக் கட்டியிருக்கேன். முக்கால் கிலோவாவது காட்டுமேன்னு...