பெட்டியின் அம்புக்குறி

ஒரகடத்தில் நான் ஏறியபோது பேருந்தில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். படியில் இருவர் தொங்கியது எனக்குக் கவலையாக இருந்தது. அப்போது முன் இருக்கைப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள்:

"உங்கண்ணன் தூக்கி வுட்டாத்தான் ஆடு கொட்டாய்க்குள்ள போவுது."

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"போன மார்கழிப் பனியில குட்டி செத்துச்சில்ல? அதான் கம்பெனியிலேர்ந்து பெரிய மரப்பெட்டி வாங்கியாந்து, உள்ள சாக்கு அடிச்சு, வைக்கோல் போட்டாரு. பெட்டி வாய் மேல கீது. ராவுல தார்ப்பாயால மூடிடுறாரு."

"சாய்ச்சு வெச்சா வாசலாயிடுமே."

"பெட்டி மேல போட்டிருக்கிற அம்புக்குறி எப்பவும் மேல பாக்கணுமாம். இத்தினி வருஷம் பெட்டி அடுக்கின மனுசனுக்குச் சாய்க்க மனசு வரல. நாலு செம்மறியையும் தெனம் தூக்கி எறக்குறாரு. அதுல ஒண்ணு நெறமாசம்."

"நெறமாச ஆட்டையா? குட்டிக்கு எதனா ஆயிடப் போவுது அண்ணி."

"அதான் இன்னிக்கு அவரு ஷிப்ட்டுக்குப் போனதும் நானே சாய்ச்சிட்டேன். அது தானா உள்ள போய்ப் படுத்துக்கிச்சு."

"அண்ணன் வந்து கத்துவாரே."

"கத்தமாட்டாரு. பழைய அம்புக்குறி மேல சாணி பூசிட்டேன். மேல பாத்தாப்புல புதுசா ஒண்ணு நெயில் பாலிஷ்ல வரைஞ்சு வெச்சிருக்கேன்."