மணலை விட்டு மேலே வந்த சங்கு

கைதட்டலை அப்புறம் வச்சுக்குவோம். இப்ப உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன். நேரமாச்சுன்னு பின்னால யாரோ எந்திரிக்கிறாரு... உக்காருங்கய்யா, அதுக்குள்ள மீன் ஒண்ணும் கெட்டுப்போகாது.

ஒரு கடற்கரை ஊரு. பேரு சொல்ல மாட்டேன். நான் கட்டின கதைக்கு எவனும் சண்டைக்கு வந்துறக் கூடாது பாருங்க. அந்த ஊருக்கு நேரா, கடலுக்கு அடியில, பாறைக்குள்ள ஒரு கம்பெனி கேஸை இறக்குது. என்ன கேஸு? ஆலைப் புகையில வர்ற கார்பன் டை ஆக்சைடு. வானத்துக்குப் போனா உலகம் சூடாகுது, அதனால பூமிக்குள்ள போட்டு மூடிருவோம்னு. நல்ல யோசனைதான், நான் குத்தம் சொல்லல. ஆனா மூடினது மூடினபடி இருக்கான்னு பாக்கணும்ல?

அதைப் பாக்குறதுக்கு ஒரு இன்ஜினியர் பொண்ணு. இளவரசின்னு பேரு. கடலுக்கு அடியில கேமரா வச்சிருக்கு. குமிழி வந்தா கசிவு, குமிழி இல்லேன்னா கசிவு இல்ல. தினமும் பாக்குது... குமிழி இல்ல. நிம்மதியா டீ குடிக்குது.

அதே ஊர்ல கஸ்பார்னு ஒருத்தரு, சங்கு குளிக்கிறவரு. உங்களுக்கே தெரியும், சங்கு மணலுக்குள்ள புதைஞ்சு கெடக்கும். முங்கி, தேடி, தோண்டி எடுக்கிறதுக்குள்ள மூச்சு முட்டிப்போகும். இன்னொண்ணும் உங்களுக்குத் தெரியும்... சங்கு கெடக்குற இடத்தை எந்தக் குளிகாரனும் வெளிய சொல்ல மாட்டான். கூடப் பொறந்தவன் கேட்டாலும் கிழக்கே இருக்கிறதுக்கு மேற்கே கை காட்டுவான். என்ன சிரிக்கிறீங்க? நீங்கதானே அது?

அந்த வருஷம் கஸ்பாருக்கு அடிச்சது யோகம். முங்கினா சங்கு. மறுபடி முங்கினா மறுபடி சங்கு. மனுஷன் சந்தோஷம் தாங்காம, பெரிய சங்கா ஒண்ணை எடுத்துக்கிட்டு கம்பெனி ஆபீசுக்கே போயிட்டாரு.

"மேடம், இது உங்களுக்கு. நீங்க வந்த நேரம், கடல் அள்ளிக் குடுக்குது."

"எதுக்குண்ணே இதெல்லாம்... ரொம்ப ஆழமாத் தோண்டினீங்களோ?"

"எங்க தோண்டினேன்? எல்லாம் மணலுக்கு மேலேயே கெடக்குது மேடம். பொறுக்குறதுதான் வேலை."

அந்தப் பொண்ணு சங்கைத் தடவுது. விரல்ல வெள்ளையா ஒட்டுது, சுண்ணாம்புச் சுவத்துல கை வச்ச மாதிரி. அதோட முகம் மாறிப்போச்சு.

"அண்ணே, உக்காருங்க. கேஸு மணலுக்கு அடியில சேத்துல இருக்கிற தண்ணியிலயே கரைஞ்சுபோனா குமிழி எப்படி வரும்? தண்ணி புளிச்சுரும். எலுமிச்சம்பழச் சாத்துல முட்டை ஓடு கரையும் பாருங்க, அந்த மாதிரி சங்கு ஓடும் கரையும். இது உங்களுக்காக மேல வரலண்ணே. உள்ள இருக்க முடியாம வந்திருக்கு."

கஸ்பார் சங்கை வாங்கித் தானும் தடவிப் பாத்தாரு.

"எந்த இடம்ணே?"

பாருங்க... எதைக் கேக்கக் கூடாதோ அதைக் கேட்டுருச்சு. சொன்னா? மறுநாள் ஊரே அங்க முங்கும். சொல்லலேன்னா? இந்த சீசன் வாரிக்கலாம். அடுத்த சீசன் சங்கும் இருக்காது, சங்குக்கு இரையாகிற புழுவும் இருக்காது. கஸ்பார் எந்திரிச்சாரு. கைலியை மடிச்சுக் கட்டினாரு.

"காலையில என் வள்ளத்துல வாங்க மேடம். நானே காட்டுறேன்."

போனாங்க. சேத்தை அள்ளிச் சோதிச்சா புளிப்பு. பக்கத்துல ஒரு பழைய எண்ணெய்க் கிணறு, அதோட அடைப்பு லேசா விட்டிருக்கு, அது வழியாத்தான் பாறைக்குள்ள இருந்த கேஸு சேத்துக்கு ஏறியிருக்கு. கம்பெனியோட பெரிய ஆபீசரு, "குமிழியே இல்லையேம்மா, எதுக்கு நிறுத்தணும்?"ங்கிறாரு. அந்தப் பொண்ணு கஸ்பார் குடுத்த சங்கை அவரு மேசையில வச்சுது. "தடவிப் பாருங்க சார்." தடவினாரு. கேஸை நிறுத்தினாங்க, கிணத்தை அடைச்சாங்க. கஸ்பாரும் ஊரைக் கூட்டி, அங்க யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவரு சொன்னதை ஊரு கேட்டுச்சு.

அடுத்த சீசன். கஸ்பார் அதே இடத்துல முங்குறாரு. வள்ளத்துல அந்தப் பொண்ணு கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மேல வந்தாரு... வெறுங்கை.

"என்னண்ணே?"

"ஒண்ணு கூட மேல இல்ல மேடம். வெறும் மணலு. அங்கங்க சங்கோட நுனி மட்டும் தெரியுது. எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சு."

வெறுங்கையோட வந்த ஒரு குளிகாரன் சிரிச்சதை அன்னைக்குத்தான் அந்தக் கடல் பாத்துச்சு.

இதை ஏன் சொல்றேன்? நாளைக்கு நம்ம கரைக்கும் இப்படி ஒரு திட்டத்தோட வருவாங்க. குமிழி இல்லேன்னா பயமே இல்லம்பாங்க. அப்ப நாம சொல்லணும்... ஐயா, குமிழியை மட்டும் பாக்காதீங்க. சேத்தைப் பாருங்க, சேத்துல குடியிருக்கிறதைப் பாருங்க. பாக்கத் தெரியலையா, நாங்க கூட வர்றோம். கேக்க வைக்க முடியுமா நம்மால? முடியும். கஸ்பாரால முடிஞ்சது நம்மால முடியாதா?

அது அவங்களுக்கு. உங்களுக்கும் ஒண்ணு இருக்கு, தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. மணலுக்குள்ள இருக்க வேண்டியது மணலுக்கு மேல வந்து கெடந்தா, அதிர்ஷ்டம்னு மடியில கட்டாதீங்க. அள்ளுறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க... "ஏன் வீட்டை விட்டு வந்தே?"