குமிழி நடுவுலதான் இருந்துச்சு

இல்லக்கா, தண்ணியெல்லாம் அப்புறம். மொதல்ல இதைச் சொல்லிடறேன், இல்லன்னா வாயிலயே நின்னுடும். உங்களுக்கு நடந்தது அநியாயம். கம்பத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு பேக்கரிக்காரரோட சுவரையே கெடுத்துட்டீங்கன்னு அப்பா அத்தனை பேர் முன்னாடி சொன்னாரே, அது பொய். கம்பம் சாஞ்சது நிஜம். சாய்ச்சது நீங்க இல்ல.

நீங்க தேய்ங்க, தேய்ங்க. பெட்டி சூட்டுல சட்டை கருகிடப் போகுது. நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கறேன். எல்லாம் ஓட்டல் யூனிஃபார்மா? அப்பாடி, இத்தனையும் ஒரே நாள்லயா. வெயில்ல இடம் அளக்கற மெஷினுக்கு எதிர்ல கம்பம் பிடிச்சு நின்ன ஆள் நீங்க, உங்களை இப்படி நாலு சுவருக்குள்ள பாக்கவே எப்படியோ இருக்கு.

ஆமா, உங்க பைதான். அப்பாவோட சர்வே ஆபீஸ் அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன், கோவிச்சுக்காதீங்க. சுத்தியல் பிடியில சைக்கிள் ட்யூப் சுத்தி வச்சிருக்கீங்களே, அது நல்ல யோசனை, வேர்த்தாலும் வழுக்காது. பவுடர் டப்பாவுல ஆணி. அப்புறம் அந்தத் தூக்குக் குண்டு, நூல்ல கட்டித் தொங்கவிடற பித்தளைக் குண்டு, அதுக்கு ஒத்தைச் சாக்ஸ் போட்டு வச்சிருக்கீங்க. அது அப்பா சாக்ஸ். வருஷக்கணக்கா அந்த ஜோடியைத் தேடி வீட்டையே ரெண்டாக்கறார். சிரிக்காதீங்க, நான் சொல்லல. அவருக்கு வேணும்.

இதுவா? இது கம்பம். அதே கம்பம்தான். பஸ்ல கண்டக்டர் இதுக்குத் தனி சீட்டு வேணுமான்னு கேக்கறார். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, மேல கண்ணாடி மாட்டியிருக்கே, தலை வாரவான்னு. அளக்கற மெஷின் குறி பாக்கற பிரிசம்னு சொன்னா புரியவா போகுது, ஆமாங்கன்னுட்டேன். கொஞ்ச நேரம் அங்கயே கிடக்கட்டும். அதுக்கு வரேன்.

எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். ஆபீஸ் ரூம்ல ட்யூப்லைட் மேல ஒட்டடை. துடைப்பம் எட்டல. கம்பத்தை எடுத்து முழு நீளத்துக்கும் இழுத்தேன். தட்டிட்டு அப்படியே ஜன்னலோரமா நிறுத்தினேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு, நீங்க செய்யற மாதிரி, கம்பம் நேரா நிக்குதான்னு காட்டற அந்தக் குமிழியை நடுவட்டத்துக்குள்ள கொண்டு வந்து பிடிச்சேன். குமிழி சொன்ன பேச்சைக் கேட்டு நடுவுல நிக்குது. நிமிர்ந்து பாத்தா கம்பத்தோட தலை ஜன்னல் சட்டத்தை விட்டு விலகி நிக்குதுக்கா. கீழ ஒட்டியிருக்கு, மேல நாலு விரல் இடைவெளி.

அதையேதான் நானும் நெனச்சேன், ஜன்னல் கோணலா இருக்கலாம்ல. அதுக்குத்தான் உங்க குண்டை எடுத்து, திரைச்சீலைக் கம்பியில நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஜன்னல் சரியா இருக்கு. கம்பத்தை அப்படியே பாதி சுத்து திருப்பினேன். குமிழி ஓடிப் போய் ஓரத்துல ஒட்டிக்குச்சு. சரியான குமிழின்னா எப்படித் திருப்பினாலும் நடுவுலயே நிக்கணும்ல. கிட்டப் போய்ப் பாத்தா, குமிழியைத் தாங்கற அந்தக் கிண்ணத்துக்கு அடியில கோந்து. காஞ்சு மஞ்சளாகிப் போன கோந்து.

பேக்கரிக்காரர் இடத்தை அளந்த அன்னிக்கு நான் அங்க இருந்தேன்ல. லீவு, வேலை எப்படி நடக்குதுன்னு பாக்கலாம்னு வந்தேன். பின்மூலையில வேலிச்செடி மறைக்குதுன்னு கம்பத்தை முழு உயரத்துக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. மெஷின் பாக்கறது மேல இருக்கற கண்ணாடியைத்தான். எல்லைக்கு முளை அடிக்கறது கீழ முனை தொடற இடத்துல. நடுவுல குமிழி பொய் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ரெண்டு மூலையிலயும் ஒரே பக்கம் பாத்து நின்னீங்க, ரெண்டு முளையும் ஒரே பக்கம் போச்சு. பேக்கரிக்காரர் அதை நம்பி சுவரை எழுப்பிட்டார். பக்கத்து வீட்டு நர்சம்மா ஆளை வச்சு அளந்து பாத்து, எங்க இடத்துல நாலு விரல் வந்துட்டீங்கன்னு சண்டைக்கு வந்தாங்க.

அப்பவும் இருந்தேன்க்கா. அப்பா உங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சு, பொம்பளையை வேலைக்கு வச்சா இப்படித்தான், பராக்குப் பாத்துக்கிட்டு நிப்பாங்கன்னு சொன்னப்ப. நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னீங்க. குமிழி நடுவுலதான் சார் இருந்துச்சு. யாராவது கேட்டாங்களா? நர்சம்மாவே உங்களைப் பாத்து உச்சுக் கொட்டினாங்க.

நான் ஏன் பேசலன்னு நீங்க கேக்கல. கேக்கலாம். காலேஜ்ல பெண்களும் உழைப்பும்னு பேசி கப் வாங்கினவ, வீட்டுல வக்கீலம்மான்னு பேர் எடுத்தவ. அன்னிக்கு என் மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம அந்த முளையையே பாத்துக்கிட்டு நின்னேன். சிவப்புப் பெயிண்ட் அடிச்ச முளை. நீங்க அடிச்சதுதான்.

போன் அடிக்குதா? அப்பாதான். அடிக்கட்டும். நிப்பாட்டிடுவார்.

அதுக்கப்புறம் அந்தப் புது சர்வே ஆபீஸ்ல வேலை கேட்டீங்களாமே. கேள்விப்பட்டேன். ஓ, அந்த சாய்ச்சுப் பிடிக்கற பொம்பளையான்னு கேட்டாங்களாம். பட்டப்பேரே வச்சுட்டாங்க. இல்லக்கா, யார் சொன்னான்னு விடுங்க. சொன்னவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

சரி, கேளுங்க. நேத்து அப்பாவை உக்கார வச்சு நேருக்கு நேர் கேட்டேன். கம்பத்தை ஜன்னலோரம் நிறுத்திக் காட்டினேன். மொதல்ல ஜன்னல் கோணல்னார். குண்டைக் காட்டினேன். நூல் முறுக்கு, காத்து அடிக்குதுன்னார். ஃபேனை நிறுத்தினேன். கம்பத்தைத் திருப்பினேன், குமிழி ஓடுச்சு. அம்மா உள்ளேர்ந்து, போதும் விடுடி, அப்பாவைக் கூண்டுல ஏத்தற மாதிரி ஏத்தறேங்கறாங்க. விடல. இந்தக் கோந்து யார் போட்டதுன்னு கேட்டேன்.

அவரேதான். மழைக்காலத்துல ஜீப் மேல கட்டியிருந்த கயிறு அவுந்து கம்பம் ரோட்டுல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் ஓடிப் போய் எடுத்தீங்களாம். கடையில குடுத்தா ரொம்ப நாள் வச்சுக்குவான், கையில வேலை நிக்குதேன்னு ஒட்டிட்டார். ஒட்டினா போதும்னு நெனச்சிருக்கார், சரி பாக்கணும்னு தோணல. சரி, அது வரைக்கும் மனுஷத் தப்பு. எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டேன்.

உங்களை வேலையை விட்டு அனுப்பின அன்னிக்கு சாயங்காலமேவாம்க்கா. வீட்டுக்கு வந்து தனியா நிறுத்திப் பாத்திருக்கார். தெரிஞ்சு போச்சு. கம்பத்தைக் கொண்டு போய் மூலையில வச்சுட்டு சாப்பிட வந்து உக்காந்திருக்கார். நானும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்.

கத்தினேன். நல்லா கத்தினேன், அதுல குறை வைக்கல. ஒரு மனுஷியோட பேரைக் கெடுத்துட்டு உங்களால எப்படித் தூங்க முடியுதுன்னு கேட்டேன். அவர் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவா சொல்றார். ஆள் தப்புன்னா ஒரு சுவரோட போகும். கம்பம் தப்புன்னா, மழைக்காலத்துலேர்ந்து அளந்த அத்தனை இடத்தையும் தோண்டுவாங்க. பள்ளிக்கூடம் வாங்கின இடம், அந்த ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு, எல்லாம். என் லைசென்ஸ் நிக்காது. நீ படிப்பை முடிக்க வேண்டாமான்னு.

அதுக்கு நான் என்ன சொன்னேன்னா... இருங்க, அதுக்கும் வரேன்.

இல்ல, பரவால்ல. தாராளமா எடுத்துப் பாருங்க, உங்க கையில இருந்த கம்பம்தானே. கோந்தா? இன்னும் இருக்கு. இன்னிக்குக் காலையில அப்பா இதை என்கிட்ட குடுத்து, ரிப்பேர் கடையில குடுத்து குமிழியைச் சரி பண்ணி வாங்கிக்கோன்னார். ஒரு மணி நேர வேலைதானாம், அவன் கேட்டா ஒண்ணும் சொல்லாதேன்னார். அதை முடிச்சுட்டுத்தான் இங்க வரணும்னார். கடை இங்கேர்ந்து ரெண்டு தெருதான். நான் குடுக்கல. நியாயத்துக்காகக் குடுக்கலன்னு சொன்னா அதுவும் பொய். வாசல் வரைக்கும் போனேன்க்கா. கடைக்காரர் என்னம்மா வேணும்னு கேட்டார். மணி என்ன ஆச்சுங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஆமா. இங்க வரணும்னு அவர்தான் சொன்னார். பையைக் குடுக்கறதுக்கு மட்டும் இல்ல.

சொல்றேன், அப்படிப் பாக்காதீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு பேக்கரிக்காரர் இடத்துல எல்லாரும் கூடறாங்க. நர்சம்மா, கட்டின மேஸ்திரி எல்லாரும் வர்றாங்க. யார் தப்புன்னு தெரியாம சுவர்ல கை வைக்க மாட்டேங்கறார் பேக்கரிக்காரர். நீங்க வந்து, நான்தான் கவனம் இல்லாம சாய்ச்சுப் பிடிச்சுட்டேன், சார் மேல தப்பில்லன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா போதுமாம். திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடலாமாம். பழைய மாதிரியே. நேத்து அந்தப் படிப்புப் பேச்சோட பேச்சாவே இதையும் சொன்னார், அதைக் கேக்கத்தான் என்னை அனுப்பியிருக்கார். பொம்பளைக்குப் பொம்பளை பேசினா நல்லதுன்னார்.

பெட்டியை ஏன் அணைச்சுட்டீங்க? இன்னும் பாதிச் சட்டை இருக்கே.

ஏதாவது திட்டுங்கக்கா.

பூட்ஸா? பைக்கு அடியில இருக்கு, சேறு காஞ்சிருக்கும், தட்டிப் போடுங்க. வர்றீங்களா? நெஜமாவே வர்றீங்களா? அப்பாகிட்ட என்னன்னு சொல்லட்டும்? கம்பத்தோடயா? இப்படியே, கோந்தோடயா? அத்தனை பேர் முன்னாடியும் அவர் கையாலயே பிடிக்கச் சொல்லப் போறீங்களா?

சரி. சரிக்கா. நான் அதைத் தடுக்கல. குடுங்க, பையையாவது நான் தூக்கிக்கறேன். வேண்டாமா? சரி.

என்ன கேட்டீங்க?

அப்பா அப்படிச் சொன்னப்ப நான் என்ன பதில் சொன்னேனா?

உங்களைக் கேட்டுப் பாக்கறேன்னு சொன்னேன்க்கா.