மறுபடி வேகவச்ச சோளம்

நான் சோளம் வேகவச்சா ஒரு மணிகூடக் குழையாது, சார். விசாரிக்க வந்த உங்களுக்கு இது எதுக்குன்னு தோணும். பரிசோதனைக்கூடத்துல இருபது வருஷமா அதுதான் என் வேலை. சாப்பிட இல்ல. கொண்டைக்கடலையோட வேரை அழுகவைக்கிற பூஞ்சையை அதுலதான் வளர்ப்போம். பதினஞ்சு நாள்ல வெள்ளையாப் படர்ந்துடும். அதைத் தொட்டி மண்ணுல கலந்து புது ரகங்களை விதைப்போம். சாகாம நிக்கிற செடி ஜெயிச்ச செடி.

என் தங்கச்சியும் அங்கேதான். அவ ரகம் உருவாக்குறவ. அவ படிக்கணும்னுதான் நான் படிப்பை நிறுத்தினேன்னு வீட்ல சொல்லிக்குவாங்க. எனக்குப் படிப்பு ஏறலை, அவ்வளவுதான். என் மேஜையில "அக்கா, இன்னும் நாலு கிலோ"ன்னு சீட்டு ஒட்டிட்டுப் போவா. அதைப் பார்த்தாலே வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கு.

அவளோட பதினேழாம் நம்பர் விதை சோதனைக்கு வந்தப்போ, அதுக்குன்னு எடுத்துவச்ச பூஞ்சை படர்ந்த சோளத்தை மட்டும் மறுபடி குக்கர்ல ஏத்தினேன். பூஞ்சை செத்துடும். மண்ணுல கலந்தப்புறம் யாருக்குத் தெரியப்போகுது? பக்கத்துத் தொட்டியில இருந்த நோஞ்சான் ரகத்துக்கு உயிரோட இருக்கிறதையே போட்டேன். அது செத்தாத்தானே சோதனையை நம்புவாங்க. மூணு தடவையும் நோஞ்சான் காஞ்சுது, பதினேழு பச்சைப்பசேல்னு நின்னுச்சு.

எல்லாரும் கைதட்டினாங்க, நானும்தான். அவ செடியைக் கொன்னிருந்தா இன்னொண்ணை உருவாக்கியிருப்பா. நாலு பேர் முன்னாடி ஜெயிச்சு, அதே நாலு பேர் முன்னாடி தோத்தாத்தான் அடங்குவான்னு நினைச்சேன்.

எங்க அண்ணன் வந்து நிப்பார்னு நினைக்கலை. அவர் வயல்ல ரெண்டு வருஷமா வேரழுகல். இந்தத் தடவையும் போனா விவசாயத்தையே விட்டுடணும். அவ குடுத்த பதினேழாம் நம்பர் விதையைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்டதான் கேட்டார். வீட்ல பொய் பேசாதவன்னு எனக்குத்தான் பேரு.

"நம்பி விதைக்கலாமாம்மா?"

"விதைங்கண்ணா. செடி நின்னதை என் கண்ணால பார்த்தேன்."

பூக்கிற நேரத்துல வயல் மொத்தமும் காஞ்சுது. வரப்புல உட்கார்ந்தவர் அப்படியே போயிட்டார். சாப்பாடு கொண்டுபோன அண்ணிதான் பார்த்தாங்க.

தங்கச்சி என் மடியில விழுந்து, "நான்தான்க்கா அண்ணனைக் கொன்னுட்டேன்"னு அழுதா. தலையைத் தடவிக் குடுத்தேன். இல்லைன்னு சொல்லலை. சின்ன வயசுக்கப்புறம் அன்னிக்குத்தான் அவ என் மடிக்கு வந்தா. கால் மரத்துப்போச்சு, நான் அசையவே இல்லை. பாசம் இல்லாதவ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாளா, சார்?