மணமகள் சின்னக்குட்டிக்குச் சீர் கேட்கிறேன்

மழை வேண்டி மணவிழா எடுத்திருக்கும் மேனாம்பேட்டு விழாக் குழுவின் மாண்புமிகு தலைவர், வெள்ளை வேட்டியிலும் வியர்வையிலும் ஒருசேர மின்னிக்கொண்டிருக்கும் பெருந்தகை உலகநாதன் அவர்களே! முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையை நடத்திக்கொண்டு வந்து, அவர் நம் தோரணத்து மாவிலையைத் தின்று தீர்ப்பதைத் தடுக்கவும் முடியாமல், வேடிக்கை பார்க்கவும் முடியாமல் தவிக்கும் மாப்பிள்ளை வீட்டார் வேம்புலி அவர்களே! பெண் வீட்டார் துலுக்கானம் அவர்களே, அவருடைய இல்லத்தரசி கெங்கம்மாள் அவர்களே! முன்வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதை எனக்கும் மறு காதைத் தண்ணீர் லாரிக்கும் கொடுத்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, இந்தக் கல்யாணத்தில் சம்மதமா என்று யாராலும் கேட்கப்படாத, நாலு கால் கொண்ட மணமக்களே! ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருக்கும் இந்தச் சண்முகசுந்தரம் உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறான்.

நான் மேடைக்குப் புதியவன் அல்ல. காதுகுத்து என்றால் கூப்பிடுவார்கள், பதவி ஓய்வு என்றால் கூப்பிடுவார்கள், மைக் செட் வாடகைக்கு எடுத்துவிட்டோமே, சும்மா கிடக்கிறதே என்றாலும் கூப்பிடுவார்கள். ஆனால் கழுதைக் கல்யாணத்துக்கு வாழ்த்துரை வழங்குவது இதுவே முதல் தடவை. நேற்று வீட்டில் சொன்னேன். என் மனைவி வசந்தகுமாரி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "போயிட்டு வாங்க. அங்கயாவது பாதியில யாரும் எழுந்து போக மாட்டாங்க. கட்டிப் போட்டிருப்பாங்க இல்ல!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மையாகவே இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அன்பர்களே! வானம் பொய்த்துவிட்டது. அம்பத்தூர் ஏரியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேகம் மேற்கே வருகிறது, நம்மை எட்டிப் பார்க்கிறது, கடன்காரனைக் கண்டவனைப் போலத் திரும்பிப் போய்விடுகிறது. ஆகவே கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்று முடிவெடுத்தோம். அதிலும் நமக்கு ஒழுங்கு முக்கியம். ஆடியில் கல்யாணம் கூடாது என்று ஆவணி பிறக்கும் வரை காத்திருந்தோம். பத்திரிகை அடித்தோம். அதில் என்ன போட்டிருக்கிறோம்? 'எங்கள் வீட்டுச் செல்வி சின்னக்குட்டி' என்று போட்டிருக்கிறோம். விழாக் குழு முழுவதும் கீழே பெயர் போட்டிருக்கிறது. தலைவர் பெயர் மட்டும் மணமகள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. இருக்கட்டும், தலைவர் அல்லவா!

மணமகனைப் பாருங்கள்! என்ன நிதானம், என்ன நெஞ்சுரம்! பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. மணமகளைப் பாருங்கள்! செய்யும் வேலைக்குச் சம்பளம் கேட்டதில்லை, வாராந்திர விடுமுறை கேட்டதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து "கழுதை" என்றார். உடனிருந்தவர்கள் பதறினார்கள். நானோ நன்றி சொன்னேன். பொய்யாகக் காய்ச்சல் என்று லீவு போடத் தெரியாத ஒரு பிறவியோடு என்னைச் சேர்த்துப் பேசினாரே, அது எனக்குப் பெருமை அல்லவா? இந்தப் பெருமைக்கு நான் தகுதியானவன்தானா என்று அவருக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

சரி. கல்யாணம் என்றால் பெண் பார்க்க வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவில்லை. விழாக் குழு பார்க்கவில்லை. ஆகவே வாழ்த்த வருகிறவன் என்ற முறையில் நேற்று மாலை நான் போய்ப் பார்த்தேன். பஜ்ஜி, சொஜ்ஜி கிடைக்கவில்லை. கெங்கம்மாள் அவர்கள் டீ கொடுத்தார்கள். வீட்டு வாசலில் சின்னக்குட்டி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு நாணத்தோடு நகரப் பார்த்தாள். நடக்கவில்லை, தத்தினாள். முன்னங்கால் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. கயிறு கணுவுக்கு மேலே சதைக்குள் புதைந்திருந்தது. ஈ மொய்த்தது.

இன்றைக்கு உங்களுக்கு அது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? இந்த ஊர்ப் பொன்னியம்மா வீட்டிலிருந்து இரவல் வாங்கிவந்த பட்டுப்புடவை தரை வரை தொங்குகிறது. புண்ணின்மேல் மஞ்சள் அப்பியிருக்கிறது. நாமும் நலங்கு என்று நினைத்துக்கொண்டோம்.

நான் துலுக்கானத்தைக் கேட்டேன், "ஏனய்யா, கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாதா?" அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னா அண்ணாத்தே நீ! பகல்ல செங்கல் சூளைக்கி மண்ணு தூக்குறப்பவும் கயித்தோடதான் தத்திகினு போவுது, முடிச்சு இறுகிப் பூட்ச்சு. ராவுல அவுத்து உட்டா எவன் ஊட்டுக்குள்ளயாவது பூந்து எதையாவது தின்னுட்டு வரும். காலைல என் ஊட்டாண்ட நின்னுகினு கத்துறது யாரு? நீயா வர்ற?"

கெங்கம்மாள் அவர்கள் குறுக்கே வந்தார்கள். "நானும் மஞ்ச வெச்சினுதான் கீறேன்ணா. கயிறு அங்கயே கீதே, புண்ணு எப்பிடி ஆறும்? இன்னும் கொஞ்ச நாளு இப்பிடியே போச்சுனா காலு பூடும். காலு போன கழுதைய வெச்சுகினு நாங்க இன்னா பண்றது?"

காலொடிந்த கழுதையை என்ன செய்வார்கள்? உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விரட்டிவிடப்பட்டு, லாரிகளுக்கு நடுவே, போவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்கும் கழுதைகளைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்களே! அவற்றுக்கும் ஒரு காலத்தில் வாசல் இருந்தது. நம் செல்வி அங்கே போய் நிற்கலாமா?

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, தாய்மார்களே. துலுக்கானம் வீட்டு வாசலில் வந்து கத்தியது யார்? விசாரித்தேன். ஏன் எல்லோரும் குடத்தைப் பார்க்கிறீர்கள்? குடத்தில்தான் ஒன்றும் இல்லையே! பார்வதம் அம்மாள் காயவைத்த வடகத்தைச் சின்னக்குட்டி தின்றாள். உண்மை. சாமுண்டீஸ்வரி அம்மாள் கொடியில் போட்ட பாவாடையை மென்றாள். உண்மை. தேர்தலின்போது எந்தக் கட்சிக்கும் பாரபட்சம் காட்டாமல் எல்லாச் சுவரொட்டிகளையும் சமமாகச் செரித்தாள். அதுவும் உண்மை, அதற்காக ஜனநாயகம் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் மூன்று குற்றத்துக்கும் தீர்ப்பு எழுதியது யார்? "கட்டிப் போடுய்யா உன் கழுதைய!" என்று ஊரே கத்தினோம். கயிற்றைக் கட்டியது துலுக்கானத்தின் கை. கட்டச் சொன்னது நம்முடைய வாய். இன்றைக்கு அதே வாயால் அவளுக்கு வாழ்த்துப் பாட வந்திருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் நமக்குத் தண்ணீர். துலுக்கானத்துக்கு? மழை பெய்தால் செங்கல் சூளை நின்றுவிடும், அவர் பிழைப்பும் நின்றுவிடும். அது தெரிந்திருந்தும் ஊருக்காக மழை வேண்டிப் பெண் கொடுத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்வேனா? மாட்டேன். சூளை நின்றால் ஓய்வு கிடைக்கும் என்பதால், இந்தப் பந்தலில் மனதார மழையை வேண்டுகிறவள் சின்னக்குட்டி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுக்குத்தான் வாய் இல்லை.

என்ன பூசாரி அய்யாசாமி அவர்களே? முகூர்த்தம் போகிறதா? தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டுமா? கொடுக்கிறேன். வாழ்த்துகிறவன் எடுத்துக் கொடுக்கட்டும் என்று நீங்கள் தந்த தாலி என் கையில்தான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. என் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதோ, போய்விட்டது.

அமைதி, அமைதி! பெரியோர்களே, உட்காருங்கள்! வாழ்த்துகிறவன் தாலியை வைத்துக்கொண்டு தகராறு செய்கிறானே என்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டும் நேரத்தில் ஸ்கூட்டர் கேட்டு முறுக்கிக்கொண்டதில்லையா? அப்போதெல்லாம் பேசாமல்தானே இருந்தீர்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெண்ணின் சார்பாக ஒருவன் முறுக்கிக்கொள்ளக் கூடாதா?

நான் கேட்கும் சீர் பெரியதல்ல. நாம் பந்தல் போட்டிருக்கும் இந்தக் கோவிலுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. சுற்றிலும் முள்வேலி. உள்ளே கோரைப்புல். வாசலில் பூட்டு. உரிமையாளர் யார்? தலைவர் அவர்களே, ஏன் துண்டால் முகத்தைத் துடைக்கிறீர்கள்? இராப்பொழுதில் சின்னக்குட்டி அங்கே இருக்கட்டும். வேலி இருக்கிறது, வடகத்துக்கு ஆபத்தில்லை. வேலி இருக்கும்போது கயிறு எதற்கு?

என்ன சொல்கிறார் தலைவர்? மைக்கில் சொல்லுங்கள் ஐயா. "அது எங்க பொண்ணு கல்யாணத்துக்குனு வாங்கிப் போட்ட மனைங்க." கேட்டீர்களா? அதைத்தானே நானும் கேட்கிறேன்! 'எங்கள் வீட்டுச் செல்வி' என்று அச்சடித்து, அதன்கீழே தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டவர் யார்? இந்தப் பெண்ணுக்கும் இன்று கல்யாணம்தானே! மனையை எழுதித் தர வேண்டாம். சாவியைக் கொடுத்தால் போதும்.

அதோ, தலையாட்டிவிட்டார். எல்லோரும் பார்த்தீர்களா? நன்றாகத் தட்டுங்கள், பின்வாங்க முடியாதபடி தட்டுங்கள்!

யார் அது எழுந்திருப்பது? துலுக்கானம். சொல்லுங்கள். "நீ பேசிட்டு பஸ்ஸு ஏறிப் பூடுவே அண்ணாத்தே. புண்ணு ஆர்ற வரிக்கும் நாளிக்கி சூளைல மண்ணு யாரு தூக்குவா? நீ தூக்குவியா?"

நியாயமான கேள்வி. இந்த உடம்பைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாரே, அந்த நம்பிக்கைக்கு நன்றி. மேடையில் நின்று அடுத்தவர் மனையைத் தானம் செய்வது சுலபம். அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே!

யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். வேம்புலி கை தூக்குகிறார். என்ன வேம்புலி? "நம்ம ஊட்டுப் பொண்ணா ஆய்ட்சி இல்ல? புண்ணு ஆர்ற வரிக்கும் மாப்ளயே வரட்டும் நைனா. ஆனா பாதிச் சொமைதான். அதுக்கு மேல ஏத்துனே, இட்னு பூடுவேன்."

அடடா! ஆபத்துக்கு உதவும் சம்பந்தி! பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அவள் வேலையைத் தானே பார்க்கப் போகும் புருஷனை இந்த வட்டாரத்தில் இதற்கு முன் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆண்களே, மணமகனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, நீங்கள் அவரைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், ஊரில் சண்டை வரும்.

துலுக்கானம் எழுந்து வருகிறார். கெங்கம்மாளும் வருகிறார். வழி விடுங்கள், தவில்காரரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். புடவையைத் தூக்கிப் பிடியுங்கள் அம்மா. இப்போது எல்லோருக்கும் தெரிகிறதா? முன்வரிசைப் பெரியோர்கள் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்துகிறீர்கள். வேண்டாம், பாருங்கள். முடிச்சு அவிழவில்லை. பிளேடு இருக்கிறதா? மெல்ல, துலுக்கானம், மெல்ல. "ஒண்ணும் இல்ல கண்ணு, ஒண்ணும் இல்ல" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே அறுக்கிறார். மைக் வழியாக உங்களுக்கும் கேட்கிறது அல்லவா? கயிற்றோடு தோலும் வருகிறது. வந்துவிட்டது.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம், மிரண்டுவிடுவாள்.

ஓடிவிடுவாள் என்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அவள் ஓடுகிறாளா? பாருங்கள். இரண்டு முன்னங்காலையும் சேர்த்தே வைக்கிறாள். தத்துகிறாள். கயிறு கீழே கிடக்கிறது, அதைத் தாண்டியும் தத்துகிறாள். கயிறு இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை அன்பர்களே!

சிரிக்க வைக்கத்தான் வந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டுப்புடவை கட்டினால் பெய்யுமென்று நாம் நம்பிய மழை, கயிற்றை அவிழ்த்தால் பெய்யாதா? பெய்யாமலே போகட்டும்! மழைக்காகவா ஒரு காலை அவிழ்க்க வேண்டும்? வலிக்கிறது என்பதற்காக அவிழ்க்கக் கூடாதா?

பூசாரி அவர்களே, இதோ தாலி. கட்டுங்கள், ஆனால் கழுத்தை இறுக்காமல் கட்டுங்கள். பிறகு ஏரிக்கரை வரை ஊர்வலம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. அதை ரத்து செய்கிறேன், தலைவர் மன்னிக்கட்டும். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மனை வரைக்கும் போனால் போதும். நாதஸ்வரம் மெல்ல வாசிக்கட்டும். தலைவர் சாவியோடு முன்னே நடக்கட்டும். அவள் நின்றால் ஊரே நிற்க வேண்டும். ஒரு காலை வைத்து மறு காலை எடுக்க அவளுக்கு நினைவு வரும் வரை, யாரும் அவளைப் பின்னாலிருந்து தட்டக் கூடாது.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கும், மனையைத் திறந்த மனதுக்கும், கயிற்றை அறுத்த கைக்கும் நன்றி சொல்லி, மணமகளுக்கு வழிவிட்டு இறங்குகிறேன். வணக்கம்.