விழவில்லை, வலி இல்லை, நடக்கிறார்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறு வருடமாக இல்லாமல்தான் குடிக்கிறேன். நாக்கு எதற்கும் பழகிவிடும்.

முதியோர் இல்லத்தில் நர்ஸான எனக்கு மதிப்பீடு எழுதுவது வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு படிவம்: விழுந்தாரா, வலி இருக்கிறதா, நடக்கிறாரா. நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன். வயதானவர்களிடம் வலி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். கேட்ட பாவத்துக்கு டாக்டர், எக்ஸ்ரே, வீட்டாருக்குப் போன். அதனால் போன தடவைப் படிவத்தைப் பார்த்தே எழுத ஆரம்பித்தேன். எல்லாரும் அப்படியே இருந்தார்கள். உங்கள் படிவத்தில் யாருக்கும் வயதுகூட ஏறவில்லை என்று இல்லத்தில் வேலை செய்யும் ஆயா கேலி செய்வாள்.

நாங்கள் டைலர் என்று கூப்பிடும் பெரியவர் குளியலறையில் விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஆயுள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த மனிதர், சுலபத்தில் புலம்பாதவர். ஆயா ஓடிவந்து சொன்னபோது அவருடைய படிவத்தின் முதல் பக்கத்தை முடித்திருந்தேன். 'விழவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எங்கள் இல்லத்தில் இரண்டு வருடமாக யாருமே விழவில்லை. வாசலில் அதற்குச் சான்றிதழ் மாட்டியிருக்கிறோம். அந்த நல்ல பெயரை நான் ஒருத்தி கெடுக்க வேண்டுமா?

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு இரண்டே போதுமாக இருந்தது. விழாதவருக்கு இடுப்பு வலிக்கக் காரணமில்லை, ஆகவே வலி இல்லை. வலி இல்லாதவர் நடக்காமல் இருக்க மாட்டார், ஆகவே துணையின்றி நடக்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம். எங்கள் இல்லத்தில் அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் பொறுப்பானவர், படிவத்தைப் படிக்கிறவர். நடக்கிறவர் ஏன் படுத்திருக்கிறார் என்று காலையும் மாலையும் அவரை எழுப்பி நிறுத்தினார். டைலர் அலறினார். 'பிடிவாதம்' என்று குறித்துக்கொண்டேன். மகள் போனில் கேட்டபோது அப்பா நன்றாக நடக்கிறார் என்றேன். சந்தோஷப்பட்டு, புதுச் செருப்பு வாங்கி அனுப்பினாள்.

பதினோராம் நாள் இறந்துபோனார். இடுப்பெலும்பு விழுந்த அன்றே முறிந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனை சொல்கிறதாம். எனக்கு அன்றே தெரியும், ஐயா. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. நர்ஸுக்குப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாம் நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நான் விழுந்தேன்னு மட்டும் எழுதிடுங்க. மத்ததை டாக்டர் பாத்துக்குவாரு."

"எழுதிட்டேன் ஐயா," என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அப்புறம் டாக்டர் வருவார் என்று கதவைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு நாள் கிடந்தார். எழுப்பி நிறுத்தும்போதும் சத்தமில்லை. பிசியோதெரபிஸ்ட் 'முன்னேற்றம்' என்று எழுதினார். ஆயா கேட்டதற்கு, சிஸ்டர் எழுதிவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்றாராம். வலிக்கிறது என்று அதன் பிறகு அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் படிவமும் அதைத்தான் சொல்கிறது. அதில் எந்த இடம் தப்பு என்று நீங்களே காட்டுங்கள், ஐயா.